தண்ணீர் பில்லில் இல்லாத கணக்கு

போன மே மாதம் மூன்று நாள் சேர்ந்தாற்போல லீவு கிடைத்தது. டெல்லியில் மூன்று நாள் லீவு என்றால் கார் வைத்திருப்பவன் எல்லாம் மலை ஏறிவிடுவான். "மசூரி மட்டும் வேண்டாம், டிராபிக்கிலேயே உயிர் போயிடும்" என்று வீட்டம்மா தீர்ப்பு சொல்லிவிட்டதால், ஆபீஸில் ஒருவர் சொன்ன டெஹ்ரி ஏரிக்குக் கிளம்பினோம். மோட்டார் படகு இருக்கிறது, மிதக்கும் குடில்கள் இருக்கின்றன, கூட்டம் குறைவு. நமக்கு வேறென்ன வேண்டும்?

ரிஷிகேஷ் தாண்டி, சம்பா வழியாக மலை இறங்கும்போது முதல் தடவை அந்த நீலப்பச்சைத் தண்ணீர் கண்ணில் பட்டது. பொண்ணு "வாவ்" என்றாள். நானும் "வாவ்" என்றேன். நிஜமாகவே அழகுதான். அதில் எனக்குச் சண்டை இல்லை.

கோட்டி காலனியில் டிக்கெட் வாங்கிப் படகில் ஏறினோம். ஓட்டியவருக்கு ஏறக்குறைய என் வயதுதான் இருக்கும். நடு ஏரியில் இஞ்சினை நிறுத்திவிட்டு, எல்லா டூரிஸ்டுக்கும் சொல்வதைப் போல, "இதுக்குக் கீழதான் பழைய டெஹ்ரி டவுன். பஜார், மணிக்கூண்டு, ராஜா அரண்மனை எல்லாம். தண்ணி ரொம்ப இறங்குற வருஷம் அரண்மனையோட இடிஞ்ச சுவர் வெளிய தெரியும்" என்றார். பிறகு கொஞ்சம் தணிந்த குரலில், "நான் படிச்ச ஸ்கூலும் இங்கதான் இருக்கு" என்றார். 'இருந்தது' என்று சொல்லவில்லை, 'இருக்கு' என்றுதான் சொன்னார்.

அப்புறம் கேட்டார்: "பாய் சாப், டெல்லியில எந்தப் பக்கம்?"

"மயூர் விஹார்."

"அப்ப எங்க தண்ணியைத்தான் குடிக்கிறீங்க" என்று சிரித்தார்.

கோபமோ குத்தலோ அந்தச் சிரிப்பில் இல்லை. இருந்திருந்தால் நான் ஏதாவது பதில் சொல்லித் தப்பித்திருப்பேன்.

வந்து ஒரு மாதம் ஆகியும் அந்தச் சிரிப்பு போகமாட்டேன் என்கிறது. எனக்குத் தெரிந்த ஒரே வித்தை கணக்குதான். பி.காம். முதல் வருஷம் முதல் வகுப்பில் சொல்லிக்கொடுத்தது: ஒரு பக்கம் வரவு வந்தால் இன்னொரு பக்கம் பற்று இருந்தே ஆகவேண்டும். இருபது வருஷத்துக்கு மேலாக பாங்கில் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். டெல்லியின் தண்ணீருக்கு அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். வரவு மட்டும்தான் எழுதியிருக்கிறது. பற்றுப் பக்கம் காலி.

முதலில் வரவு.

பாகீரதியும் பிலங்கனாவும் சேரும் இடத்தில் 260.5 மீட்டர் உயரத்துக்கு நிற்கிறது டெஹ்ரி அணை. இந்தியாவிலேயே உயரமானது. 1,000 மெகாவாட் மின்சாரம். அணையிலிருந்து இறங்கும் தண்ணீர் தேவப்பிரயாகையில் அலக்நந்தாவோடு சேர்ந்து கங்கை என்று பெயர் வாங்கி, ஹரித்வாரில் மேல் கங்கைக் கால்வாயில் திரும்புகிறது (1854ல் வெள்ளைக்காரன் திறந்த அதே கால்வாய்). முராத்நகரில் குழாயில் ஏறி டெல்லி சோனியா விஹார் சுத்திகரிப்பு நிலையத்துக்கு வருகிறது. டெல்லியின் பங்கு 300 கன அடி. அதாவது நொடிக்குச் சுமார் 8,500 லிட்டர். சோனியா விஹாரின் திறன் 140 எம்.ஜி.டி., நாளொன்றுக்குக் கிட்டத்தட்ட 63 கோடி லிட்டர். கிழக்கு டெல்லி, தெற்கு டெல்லியின் பெரும் பகுதிகள் குடிப்பது இதைத்தான். டெல்லியின் பங்கை வைத்து 40 லட்சம் பேருக்குக் குடிநீர் என்பது அணையின் அதிகாரபூர்வக் கணக்கு.

நல்லது. இனி பற்று.

1815ல் சுதர்சன் ஷா என்ற ராஜா உண்டாக்கிய ஊர் பழைய டெஹ்ரி. சமஸ்தானத்தின் தலைநகர். ராஜாவின் ஆட்சியை எதிர்த்த ஸ்ரீதேவ் சுமன் 84 நாள் உண்ணாவிரதமிருந்து 1944ல் இறந்தது இந்த ஊர்ச் சிறையில்தான். 1972ல் அணைத் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது, 1978ல் வேலை ஆரம்பித்தது. அப்போதே வீரேந்திர தத் சக்லானி என்ற வக்கீல் தலைமையில் எதிர்ப்பும் ஆரம்பித்தது. பிறகு சிப்கோ இயக்கத்தின் சுந்தர்லால் பகுகுணா வந்தார். 1995ல் 45 நாள், 1996ல் 74 நாள் உண்ணாவிரதம். அந்த 74 நாளும் அவர் உட்கார்ந்திருந்தது நம் ராஜ்காட்டில். நான் ஆபீஸுக்குப் போகும் வழி அது. எத்தனையோ ஆயிரம் தடவை அந்த இடத்தைத் தாண்டியிருக்கிறேன். சிக்னல் எத்தனை செகண்ட் என்பதுதான் எனக்குத் தெரியும்.

அந்த உண்ணாவிரதங்களின் விளைவாக 1996ல் ஹனுமந்த ராவ் தலைமையில் மறுவாழ்வுக்கென்று ஒரு கமிட்டி போட்டார்கள். பரிந்துரைகளில் ஒரு பகுதியை அரசு ஏற்றது. 2003ல் சுப்ரீம் கோர்ட் பச்சைக்கொடி காட்டியது. 2005 அக்டோபரில் கடைசிச் சுரங்க வாயை மூடினார்கள். தண்ணீர் ஏறியது. பழைய டெஹ்ரி முழுசாக, அதோடு முழுமையாகவோ ஓரளவோ 120க்கும் மேற்பட்ட கிராமங்கள். சுமார் 10,000 குடும்பங்கள். 2006ல் மின் உற்பத்தி ஆரம்பம். டெல்லிக்குக் குடிநீர். சுபம்.

"நஷ்ட ஈடு வாங்கிட்டாங்க இல்ல சார்? அப்புறம் என்ன?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். எங்கள் குடியிருப்பு வாட்ஸப் குழுவில் இதையே கேட்டார் ஒருவர். பதில் சொல்கிறேன்.

ஒன்று. நஷ்ட ஈடு என்பது என்ன, எப்படிப்பட்டது என்று பாருங்கள். கிராமத்தாரில் பலரை மலையிலிருந்து இறக்கி டேராடூன், ரிஷிகேஷ், ஹரித்வார் பக்கம் சமவெளியில் குடியேற்றினார்கள். அவற்றில் ஒன்று ஹரித்வார் அருகே பத்ரி (பத்ரிநாத் இல்லை, இது வேறு). அங்கே ஒதுக்கிய இடம் வன நிலமாக இருந்ததால், நிலத்தின் முழு உரிமைப் பத்திரம் பல வருஷங்களுக்கு இழுபட்டது. வருவாய்க் கிராமம் என்ற அந்தஸ்தும் இல்லாமல் கிடந்தார்கள். இதன் அர்த்தம் பாங்கில் வேலை செய்பவனுக்கு உடனே புரியும். பட்டா இல்லாத நிலத்தை வைத்துக்கொண்டு எங்கள் முன்னால் வந்து நின்றால் கடன் கிடையாது. பையன் படிப்புக்கு அடமானம் வைக்க முடியாது, அவசரத்துக்கு விற்கவும் முடியாது. பட்டா உள்ள நிலத்தை எடுத்துக்கொண்டு பட்டா இல்லாத நிலத்தைக் கொடுத்தால் அதற்கு எங்கள் பாஷையில் நஷ்ட ஈடு என்று பெயர் இல்லை.

இரண்டு. யாருக்கு நஷ்டம் என்ற கேள்வி. ஏரி நிரம்பியதும் பிரதாப்நகர் பக்கத்து மக்களுக்கு இருந்த பாலங்களும் சாலைகளும் தண்ணீருக்குள் போயின. அவர்கள் வீடு மூழ்கவில்லை, ஆகவே பலர் பட்டியலில் இல்லை. ஆனால் ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் மலையைச் சுற்றிக்கொண்டு வரவேண்டும். மாற்றாக டோப்ரா-சாந்தி பாலத்தை 2006ல் ஆரம்பித்தார்கள். திறந்தது 2020 நவம்பரில். 725 மீட்டர் பாலத்துக்கு 14 வருஷம்! அதே காலத்தில் டெல்லியில் எத்தனை மெட்ரோ லைன் திறந்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள். 2006ல் பிறந்த பிள்ளை பத்தாம் வகுப்பை நெருங்கும் வரை சுற்றிக்கொண்டே போயிருக்கிறது. இந்த 14 வருஷமும் சோனியா விஹாருக்குத் தண்ணீர் ஒழுங்காக வந்துகொண்டுதான் இருந்தது.

மூன்று. ஏரியின் நீர்மட்டம் 830 மீட்டருக்கும் 740 மீட்டருக்கும் இடையே ஏறி இறங்கும்படி அமைத்திருக்கிறார்கள். 90 மீட்டர் என்றால் முப்பது மாடி. ஈரமான மலைச்சரிவிலிருந்து தண்ணீர் விலகும்போது மண் நழுவுகிறது. கரைக்கு மேலே இருக்கும் கிராமங்களில் வீடுகளில் விரிசல் விட்டது. மூழ்காத கிராமங்களும் இப்படிச் சேதமாகும் என்பதை ஒப்புக்கொண்டு 2013ல் ஒரு கொள்கை கொண்டு வந்தார்கள். அதன் பெயர் என்ன தெரியுமா? கொலாட்டரல் டேமேஜ் கொள்கை. நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை, பெயரே அதுதான். பாங்கில் கொலாட்டரல் என்றால் கடன் வாங்குபவன் கொடுக்கும் அடமானம். இங்கே கடன் வாங்கியது டெல்லி. அடமானமாக வைத்தது யாரோ ஒருவருடைய வீட்டை.

நான்கு. 1972ல் இந்த அணைக்குப் போட்ட மதிப்பீடு 200 கோடிக்கும் குறைவு. முடிந்தபோது 8,000 கோடிக்கு மேல். கான்கிரீட்டுக்கும் இயந்திரத்துக்கும் விலை ஏறினால் திருத்திய மதிப்பீடு என்று ஒரு கோப்பு போய்க் கையெழுத்தாகித் திரும்பி வருகிறது. இடம்பெயர்ந்தவன் "என் குடும்பமும் பெரிசாயிடுச்சு, மூத்த பையனுக்கும் கல்யாணம் ஆயிடுச்சு, கொஞ்சம் கூடுதலா நிலம் வேணும்" என்றால் மட்டும் கட்-ஆஃப் தேதி, விதி, கோர்ட். சிமெண்டுக்குக் கிடைத்த இரக்கம் மனுஷனுக்குக் கிடைக்கவில்லை.

சரி, மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் அதுவும் பொய்க் கணக்கு ஆகிவிடும். 2013 ஜூன் வெள்ளத்தில் பாகீரதியில் வந்த பெருவெள்ளத்தை இந்த அணைதான் தேக்கி வைத்தது. இல்லையென்றால் ரிஷிகேஷும் ஹரித்வாரும் இன்னும் மோசமாக அடிபட்டிருக்கும் என்கிறார்கள். ஏற்றுக்கொள்கிறேன். அணையே கூடாது என்று சொல்லும் கட்சி அல்ல நான். சொல்லவும் எனக்குத் தகுதி இல்லை. ஏனென்றால் நான் கும்பகோணம் பக்கத்துக்காரன்.

எங்கள் ஊரில் ஜூன் 12 என்றால் பண்டிகை மாதிரி. மேட்டூர் திறந்தாச்சா, தண்ணி கல்லணைக்கு வந்தாச்சா என்பதுதான் தாத்தாவின் பேச்சு முழுக்க. வாய்க்காலில் முதல் தண்ணீர் வரும்போது சருகும் நுரையுமாக உருண்டு வரும், நாங்கள் பக்கத்தில் கூடவே ஓடுவோம். அந்தத் தண்ணீரில் விளைந்த நெல்லில்தான் என் படிப்பு. மேட்டூர் அணையை 1925ல் ஆரம்பித்து 1934ல் முடித்தார்கள். 120 அடி, 93.47 டி.எம்.சி. இதெல்லாம் மனப்பாடம். ஆனால் அங்கே தண்ணீருக்குள் ஊர்கள் இருக்கின்றன என்பதை நான் தெரிந்துகொண்டது நீர்மட்டம் இறங்கிய ஒரு வருஷம் பேப்பரில் வந்த போட்டோவில்தான். பண்ணவாடி பக்கம் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி தண்ணீருக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டிருந்தது. பழைய சர்ச் கோபுரமும் தெரியும். ஜனங்கள் பரிசலில் போய்ப் பார்த்துவிட்டு வறுத்த மீன் சாப்பிட்டுவிட்டு வருவார்கள். அந்த நந்தியைக் கும்பிட்ட ஊர்க்காரர்கள் எங்கே போனார்கள், என்ன கொடுத்து அனுப்பினார்கள் என்று எங்கள் ஊரில் ஒருவர் கேட்டு நான் காதில் வாங்கியதில்லை. தாத்தாவும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆக நான் இரண்டு தடவை கடன்காரன். பிறந்த ஊரில் ஒன்று, பிழைக்க வந்த ஊரில் ஒன்று. அந்தத் தெம்பில்தான் இதை எழுதுகிறேன்.

பழைய கதை, போனது போச்சு என்றால் நானும் இரண்டு பெருமூச்சு விட்டு நிறுத்தியிருப்பேன். போகவில்லை. அடுத்த கடனுக்கு மனுப் போட்டாகிவிட்டது.

2024 ஜூன் ஞாபகம் இருக்கிறதா? டாங்கர் பின்னால் ஜனங்கள் ஓடியது, டெல்லி அரசு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது, ஹிமாசல் 137 கன அடி விடவேண்டும் என்று கோர்ட் சொன்னது, ஒரு வாரத்தில் "எங்களிடம் உபரி இல்லை" என்று ஹிமாசல் கையை விரித்தது. அப்போது எங்கள் குடியிருப்பில் எல்லோரும் ஒருமனதாகச் சொன்ன தீர்வு: "ரேணுகா அணையைச் சீக்கிரம் கட்டினா எல்லாம் சரியாயிடும்."

ரேணுகா அணை ஹிமாசலின் சிர்மௌர் மாவட்டத்தில், கிரி நதியில் வரப்போகிறது. 148 மீட்டர் உயரம். 2021 டிசம்பர் 27 அன்று மண்டியில் பிரதமர் அடிக்கல் நாட்டினார். முக்கிய நோக்கமே டெல்லிக்குக் குடிநீர், சுமார் 275 எம்.ஜி.டி. மூழ்கப்போவது சுமார் 1,500 ஹெக்டேர், வயலும் வீடும் காடுமாக. அங்கேயும் ஒரு பையன் இப்போது ஸ்கூலில் படித்துக்கொண்டிருக்கிறான். இன்னும் இருபது வருஷம் கழித்து நம் பிள்ளைகளுக்கு அவன் படகு ஓட்டுவான்.

இப்போது கணக்கைப் பாருங்கள். டெல்லி ஒரு நாளைக்குச் சுத்திகரித்து அனுப்பும் தண்ணீர் சுமார் 1,000 எம்.ஜி.டி. அதில் ஏறக்குறைய பாதி கணக்கில் வருவதில்லை. இது எதிர்க்கட்சி சொன்னது அல்ல, அரசின் ஆவணங்களிலேயே உள்ளது. பாதி என்றால் 500. எல்லாமே குழாய் உடைந்து மண்ணுக்குள் போகிறது என்று சொல்லமாட்டேன்; திருட்டு இணைப்பு, மீட்டர் இல்லாத இணைப்பு எல்லாம் சேர்த்துத்தான். ஆனால் அதில் பாதியைப் பிடித்தாலும் 250. ரேணுகா தரப்போகும் தண்ணீருக்குக் கிட்டத்தட்டச் சமம், ஒரு கிராமம்கூட மூழ்காமல்! ரோட்டைத் தோண்டிப் பழைய குழாயை மாற்றுவதில் அடிக்கல் விழா கிடையாது, அதுதான் சிக்கல். நம் தெருவைத் தோண்டினால் நமக்கே கோபம் வருகிறது, கார் நிறுத்த இடமில்லை என்று. அடுத்தவன் ஊரை மூழ்கடித்தால் நமக்குக் கார் நிறுத்தப் பிரச்சினை இல்லை.

பாங்கில் ஒருவர் பழைய கடனில் வாராக்கடன் ஆகிவிட்டு, கையிலிருக்கும் பணத்தில் பாதியைத் தொலைத்துவிட்டு, புதுக் கடன் வேண்டும் என்று வந்தால் என்ன செய்வோம்? காபி கொடுத்து அனுப்பிவிடுவோம். டெல்லிக்கு மட்டும் ஏன் சிவப்புக் கம்பளம்?

நான் கேட்பது பெரிய புரட்சி எல்லாம் இல்லை. நாலு விஷயம்.

முதலாவது, டெஹ்ரியில் வெளியேற்றப்பட்ட ஒவ்வொரு குடும்பத்துக்கும் நிலப்பத்திரம் கைக்கு வந்துவிட்டது, விரிசல் விட்ட ஒவ்வொரு வீட்டுக்கும் தீர்வு ஆகிவிட்டது என்று பட்டியல் போட்டு வெளியிடட்டும். அதற்குப் பிறகு ரேணுகாவில் சுவர் எழட்டும்.

இரண்டாவது, டெல்லி தண்ணீர் பில்லில் ஒரு வரி சேர்க்கட்டும்: இந்தத் தண்ணீர் எந்த ஆற்றிலிருந்து, எந்த ஊர்களை மூழ்கடித்து வந்தது என்று. கூடவே ஆயிரம் லிட்டருக்கு இத்தனை பைசா என்று அந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு தொகை. மின்சாரத்தில் 12 சதவீதம் மாநில அரசுக்கு இலவசமாகப் போகிறது. அது அரசாங்கத்துக்கும் அரசாங்கத்துக்கும் நடுவே நடக்கும் பரிமாற்றம். ஸ்கூலைப் பறிகொடுத்தவன் கணக்கில் அது வரவு ஆகாது. 2015ல் மாதம் 20,000 லிட்டர் இலவசம் என்று அறிவித்தபோது நானும்தான் சந்தோஷப்பட்டேன், பூஜ்யம் போட்ட பில்லை பத்திரமாக வைத்திருக்கிறேன். இப்போது அதை எடுத்துப் பார்த்தால் கூசுகிறது. ஏழைக்கு இலவசம் சரி. ஃபிளாட்டும் காரும் வைத்திருக்கும் எனக்கு எதற்கு?

மூன்றாவது, ஒழுகும் பாதியை முதலில் பிடியுங்கள். புது அணைக்குப் போடும் பணத்தில் ஒரு பகுதியைப் பழைய குழாய்க்குப் போடுங்கள்.

நான்காவது, அந்தப் படகுத்துறையில் ஒரு பலகை வையுங்கள். நான் பார்த்த பலகைகளில் டிக்கெட் ரேட் இருக்கிறது, அணையின் உயரமும் மெகாவாட்டும் இருக்கிறது. மூழ்கிய ஊர்களின் பெயர் ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. புது டெஹ்ரியில் பழைய மணிக்கூண்டு மாதிரியே ஒன்று கட்டியிருக்கிறார்கள். கூண்டைத் திரும்பக் கட்டத் தெரிந்தவர்களுக்குப் பெயரை எழுதி வைக்கத் தெரியாதா?

"அப்ப நீ தண்ணி குடிக்கறதை நிறுத்திடு" என்று குழுவில் ஒருவர் எழுதினார், சிரிக்கும் பொம்மையோடு. நிறுத்தமாட்டேன் சார். குடிக்கத்தான் போகிறேன். கடன் வாங்கினவன் சாப்பிடக்கூடாது என்று எந்த பாங்கும் சொல்வதில்லை. வாங்கினதை ஒத்துக்கொள், தவணையைக் கட்டு, அது முடியும்வரை அடுத்த கடன் கேட்காதே என்றுதான் சொல்கிறோம்.

போன வாரம் எங்கள் குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில் தண்ணீர் பற்றிப் பேச்சு வந்தபோது, அந்த பில் வரி விஷயத்தை எழுத்தில் கொடுத்தேன். செகரட்டரி படித்துவிட்டு, "நல்லா இருக்கு சார், அடுத்த மீட்டிங்ல பார்க்கலாம்" என்று மடித்து வைத்துக்கொண்டார். கோப்பு எப்படிச் சாகும் என்று எனக்குத் தெரியாதா? அடுத்த மீட்டிங்கிலும் கொடுப்பேன்.

ஊர்ப்பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை மேட்டூரில் தண்ணீர் இறங்கி நந்தி தலை தெரிந்தால் போட்டோ எடுக்கப் போவீர்கள். போங்கள். அப்படியே அந்தக் கரையில் வயசான ஒருத்தரைப் பிடித்து, இந்தக் கோயிலைக் கும்பிட்டவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு வாருங்கள். எங்கள் தாத்தா கேட்காமல் விட்டது அது.